ஓடாமல் நிற்கும் தண்ணீர்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெரியபாளையம் வந்திருக்கிறீர்களா? ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி எங்கும் வேப்பிலை வாசம் வீசும். எங்கே திரும்பினாலும் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். அடுப்பில் கொதிக்கும்போது அந்தக் கூழ் கரண்டியிலிருந்து வழிந்து ஓடும். மோர் ஊற்றிக் கரைக்காமல் மீந்துபோன கூழை மறுநாள் காலையில் பாருங்கள். கட்டியாகி நிற்கும், விரல் பட்டால் குலுங்கும். அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது? எங்கும் போகவில்லை, கூழுக்குள்ளேதான் இருக்கிறது. ஓடாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

கூழில் தண்ணீரை நிறுத்தி வைப்பது கேழ்வரகின் மாவுச்சத்து. பழங்களில் அதே வேலையைச் செய்ய வேறொரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் பெக்டின். அதை வைத்து இன்று சிவப்புக் குடைமிளகாயும் எலுமிச்சையும் சேர்ந்த ஒரு ஜெல்லி செய்யப் போகிறோம்.

“குடைமிளகாயில் ஜெல்லியா?” என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். சித்திரை முதல் நாள் உங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்வார்களே, அதில் என்னென்ன இருக்கும்? வெல்லம், புளிப்பு மாங்காய், மிளகாய், கொஞ்சம் வேப்பம்பூ. இனிப்பும் புளிப்பும் காரமும் ஒரே கரண்டியில் வந்தால் ருசிக்கும் என்று நம் பாட்டிமார்களுக்கு எப்போதோ தெரியும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மிளகாய் ஜெல்லியை வீட்டிலேயே காய்ச்சி பாட்டிலில் வைத்துக்கொள்வார்கள். பாலாடைக்கட்டியோடு பிஸ்கட்டில் தடவிச் சாப்பிடுவார்கள்.

ஆனால் குடைமிளகாயை மட்டும் சர்க்கரையோடு எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகுதான் வரும், ஜெல்லி வராது. ஏன்? இதைத் தெரிந்துகொண்டால் ஜெல்லியின் ரகசியம் முழுவதும் தெரிந்துவிடும்.

1825இல் ஆன்றி பிராகோனோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர், தாவரங்களில் இருக்கும் இந்த உறையவைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, ‘உறையவைப்பது’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். செடியின் ஒரு செல்லையும் பக்கத்துச் செல்லையும் சேர்த்துப் பிடித்திருப்பதில் பெக்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. கொய்யாக்காய் கடிக்கக் கெட்டியாக இருக்கிறது, நன்றாகப் பழுத்தால் குழைகிறது. பழுக்கும்போது நொதிகள் அந்தப் பெக்டினை வெட்டிவிடுவதுதான் காரணம். அதனால்தான் ஜெல்லிக்கு மிகவும் கனிந்த பழம் ஆகாது.

பெக்டின் மிக நீளமான சங்கிலி மூலக்கூறு. தண்ணீரில் கரைந்தால் அதன் மேல் ஆங்காங்கே எதிர்மின்சுமை இருக்கும். ஒரே வகை மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதனால் சங்கிலிகள் ஒன்றை ஒன்று நெருங்க முடியாது. போதாததற்கு ஒவ்வொரு சங்கிலியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கும்.

இப்போது அதில் எலுமிச்சைச் சாறு விடுகிறோம். புளிப்பு என்பது அமிலம். அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் சங்கிலியின் மின்சுமையைத் தணித்துவிடும். தள்ளுவது குறைந்துவிட்டது. அடுத்து சர்க்கரை போடுகிறோம். சர்க்கரைக்குத் தண்ணீர் என்றால் அத்தனை ஆசை. சங்கிலிகளைச் சூழ்ந்திருந்த தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தள்ளும் மின்சுமையும் இல்லை, நடுவில் நின்ற தண்ணீரும் விலகிவிட்டது. சங்கிலிகள் நெருங்கி ஆங்காங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஆரணியாறு போய்ச் சேரும் பழவேற்காட்டில் மீனவர்கள் வீசும் வலையைப் போல ஒரு வலை உருவாகிறது. அவர்கள் வலையில் மீன் மாட்டும், தண்ணீர் வழிந்துவிடும். பெக்டின் வலையிலோ தண்ணீரே மாட்டிக்கொள்கிறது! ஜெல்லியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். இருந்தும் பாட்டிலைச் சாய்த்தால் அது ஓடுவதில்லை.

ஆக, பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றும் வேண்டும். குடைமிளகாயில் பெக்டின் குறைவு, புளிப்போ இல்லவே இல்லை என்று சொல்லலாம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். செம்பருத்திப் பூ இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். இன்னொரு கிண்ணத்தில் பச்சைக் குடைமிளகாயை அரைத்து வடிகட்டிய சாற்றை விடுங்கள். அந்தப் பளிச்சென்ற நிறம் வராது. அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் குடைமிளகாய் சுமார் 5. எலுமிச்சை 2க்கும் 3க்கும் நடுவில். ஜெல்லி உறைய 3ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

புளிப்புக்கு எலுமிச்சை கிடைத்துவிட்டது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே ரயில் ஏறினால் வரும் ஆந்திராவின் கூடூர், எலுமிச்சைக்குப் பெயர் பெற்ற ஊர். குடைமிளகாய்க்குத்தான் நம் பக்கத்து வெயில் ஒத்துக்கொள்ளாது. வெப்பம் அதிகமானால் பூ உதிர்ந்துவிடும். அதனால் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் சிவப்பும் மஞ்சளுமாக விளைவிக்கிறார்கள்.

பெக்டின் எங்கே கிடைக்கும்? எலுமிச்சை, சாத்துக்குடி, நார்த்தங்காய், பம்பளிமாஸ் இவற்றின் தோலுக்குள் இருக்கும் வெள்ளைப் பஞ்சுப் பகுதியில்தான் பெக்டின் நிறைந்திருக்கிறது. உலகில் தொழிற்சாலைகள் தயாரிக்கும் பெக்டினில் பெரும்பகுதி சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் இந்தத் தோலிலிருந்தே வருகிறது. நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது, வெள்ளைப் பகுதி கொஞ்சம்தான் இருக்கும். ஆகவே புளிப்பை எலுமிச்சையிடம் வாங்கிக்கொண்டு, பெக்டினைச் சாத்துக்குடியிடம் வாங்குவோம். ஜூஸ் கடையில் குப்பைக்குப் போகிற பொருள், இங்கே நமக்கு மிக முக்கியமான பொருள்.

இனி அடுப்பங்கரைக்குப் போவோம். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கொதிக்கும் சர்க்கரைப் பாகு தண்ணீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொண்டால் விடாது. கிளறுவதும் ஊற்றுவதும் அவர்கள் வேலை. அளப்பது, நறுக்குவது, கவனித்து எழுதி வைப்பது உங்கள் வேலை.

நான்கு சாத்துக்குடிகளின் மேல்தோலை மெல்லச் சீவி எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பகுதியையும் விதைகளையும் பொடியாக நறுக்கி, முக்கால் லிட்டர் தண்ணீரும் இரண்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்து முக்கால் மணி நேரம் சிறு தீயில் வேகவிடுங்கள். இங்கேயே புளிப்பு சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. செல் சுவரில் சிக்கியிருக்கும் பெக்டினை விடுவித்து நீரில் கரைய வைப்பது வெப்பமும் அமிலமும்தான். பாதியாகச் சுண்டியதும் மெல்லிய துணியில் வடியவிடுங்கள். பிழிந்தால் கசப்பு கூடும். விரலில் தொட்டுப் பாருங்கள், வடிந்த நீர் வழவழப்பாக இருக்கும்.

இரண்டு சிவப்புக் குடைமிளகாய்களின் விதை நீக்கி, ஒரு காய்ந்த மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஜெல்லிக்குச் சாற்றை மட்டும்தான் எடுப்பார்கள். இங்கே வடிகட்ட வேண்டாம் என்கிறேன். குடைமிளகாய்க்குச் சிவப்பு தரும் காப்சாந்தின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே! வடிகட்டினால் நிறம் துணியிலேயே தங்கிவிடும்.

அகலமான பாத்திரத்தில் பெக்டின் நீர், அரைத்த விழுது, இன்னும் நான்கு எலுமிச்சைச் சாறு, அரைக் கிலோ சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டுங்கள். வேகமாகக் கொதித்துச் சீக்கிரம் முடிய வேண்டும். நெடுநேரம் கொதித்தால் பெக்டின் சங்கிலிகளே அறுந்துவிடும். பெரிய அண்டாவில் ஒரேயடியாகச் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான்.

எப்போது இறக்குவது? சமையல் வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ் அருகே கவனியுங்கள். வெறும் தண்ணீர் நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும். தண்ணீர் ஆவியாகி சர்க்கரையின் பங்கு கூடக் கூட, கொதிநிலை மேலே ஏறும். 105ஐத் தொடும்போது கரைந்த பொருளின் பங்கு சுமார் 65 விழுக்காடு ஆகியிருக்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி பழ ஜெல்லிக்குச் சொல்லும் குறைந்த அளவும் அதே 65தான். வெப்பமானி, சர்க்கரையை அளக்கும் தராசாகவும் வேலை செய்கிறது பாருங்கள்! ஊட்டியில் இருக்கும் நண்பருக்கு இந்த 105ஐச் சொல்லிவிடாதீர்கள். அங்கே உயரத்தால் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அந்த ஊர்க் கொதிநிலைக்கு மேல் 5 டிகிரி என்று சொல்லுங்கள்.

வெப்பமானி இல்லையா? எவர்சில்வர் தட்டை முன்னதாகவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் வலை பின்னத் தொடங்கிவிட்டது. வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்த கண்ணாடி பாட்டிலில் சூட்டோடு ஊற்றி மூடி, அசைக்காமல் ஒரு நாள் விடுங்கள். ஆறும்போதுதான் முடிச்சுகள் விழும். மறுநாளும் ஓடினால், ஒன்று தண்ணீர் அதிகம், இல்லையென்றால் புளிப்பு குறைவு. ஒரு எலுமிச்சை பிழிந்து மறுபடி கொதிக்க வைத்துப் பாருங்கள்.

எலுமிச்சை இன்னும் இரண்டு உதவிகள் செய்கிறது. சூட்டில் அமிலம் சர்க்கரையைக் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிக்கும். அப்படிக் கொஞ்சம் பிரிந்துவிட்டால் ஜெல்லி கற்கண்டாகப் பூக்காது. இன்னொன்று, நம் பாதுகாப்பு பற்றியது. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிர் காற்றில்லாத பாட்டிலுக்குள் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடியது. பிஎச் 4.6க்குக் கீழே போனால் அதனால் வளர முடியாது. குடைமிளகாய் 5 என்று பார்த்தோமே! ஆகவே எலுமிச்சையை ஒருபோதும் குறைக்காதீர்கள். சர்க்கரையும் சும்மா இல்லை. தன்மேல் வந்து விழும் நுண்ணுயிர்களின் தண்ணீரை உறிஞ்சி அவற்றை முடக்கிவிடும். ஊறுகாயில் உப்பு செய்கிற வேலை இது. வீட்டு ஜெல்லியில் வேறு பதப்படுத்தும் பொருள் இல்லாததால், ஃப்ரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

குடைமிளகாய்க்கு ஒரு நோபல் கதையே இருக்கிறது. ஹங்கேரியைச் சேர்ந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி மாடுகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒரு பொருளை மிகச் சிறிதளவு பிரித்தெடுத்திருந்தார். அதுதான் வைட்டமின் சி என்று பிறகு தெரிந்தது. மேலும் ஆராய இன்னும் நிறைய வேண்டும், ஆனால் கிடைக்கவில்லை. அவர் வாழ்ந்த செகெட் நகரமோ மிளகாய் விளைச்சலுக்குப் பேர் போனது. ஒரு நாள் இரவு உணவுக்கு அவர் மனைவி மிளகாய்ப் பழத்தை வைத்தார். அவருக்கு அதைச் சாப்பிட மனமில்லை. இதை நான் சோதித்ததே இல்லையே என்று தோன்ற, ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்விட்டார். நள்ளிரவுக்குள் தெரிந்துவிட்டது, அது வைட்டமின் சி நிறைந்த புதையல் என்று! சில வாரங்களில் கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எடைக்கு எடை பார்த்தால், சிவப்புக் குடைமிளகாயில் ஆரஞ்சைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆனால் வைட்டமின் சி சூட்டில் நிறைய அழிந்துவிடும். ஆகவே சத்துக்காகக் குடைமிளகாயைப் பச்சையாகவே கடித்துச் சாப்பிடுங்கள். ஜெல்லியை ருசிக்காக, ஒரு சின்னக் கரண்டி மட்டும்.

எதோடு சாப்பிடலாம்? அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் தொட்டுக்கொள்வது நம் வழக்கம். வெல்லத்துக்குப் பதில் இந்த ஜெல்லியை வைத்துப் பாருங்கள். சப்பாத்தியில் தடவிச் சுருட்டலாம். கெட்டித் தயிரில் கலந்தால் பச்சடி ஆகிவிடும். என் விருப்பம் பனீர். தவாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பனீர்த் துண்டுகளைப் பொன்னிறமாக வறுத்து, ஒரு கரண்டி ஜெல்லி போட்டால் அது இளகி, துண்டுகளின் மேல் மினுமினுவென்று பூசிக்கொள்ளும். எலுமிச்சை உடைத்துக் கொடுத்த ஃப்ரக்டோஸ் மற்ற சர்க்கரைகளைவிடக் குறைந்த சூட்டிலேயே கருக ஆரம்பித்துவிடும். அதனால் தீயைக் குறைத்து, ஜெல்லியைக் கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும் சேருங்கள்.