வளவில் ஒட்டுமாங்கன்று: முதல் மூன்று கோடைகள்

வறண்ட வலயத்தில் ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டு வளவுகளில் ஒட்டுமாங்கன்றுகள் பல நடப்படுகின்றன. அடுத்த ஆவணி வருமுன் அவற்றுட் பல பட்டுப்போகின்றன. பட்ட கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண் சரியில்லை என்றோ கைராசி இல்லை என்றோ கூறுவது வழக்கம். மண் குற்றமாயிருப்பது அரிது. கைராசியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவசரத்தில் வெட்டிய சிறு கிடங்கும், மாசி தொடக்கம் புரட்டாதி வரையுள்ள வெயிலிற் கன்றைத் தனியே விட்டதுமே பெரும்பாலும் காரணமாகும்.

நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரருடைய வளவிலேயே இந்த இழப்பு அதிகமாகக் காணப்படுகின்றது. கன்று நடுவதற்கு உகந்த காலமும் பெரும்போக வேலை நெருக்கும் காலமும் ஒன்றேயாதலால், வயலில் நின்று மாலையிற் களைத்து வருபவர் ஓர் அடி ஆழத்திற் குழி தோண்டிக் கன்றை வைத்துவிடுகின்றார். மழையுள்ளவரை அது தளிர்த்து நிற்கும். மழை ஓய்ந்தபின் அதன் வேர் போவதற்கு இளகிய மண்ணும் இல்லை, ஈரமும் இல்லை.

ஒரு கன்று பட்டால் இழப்பது கன்றின் விலை மாத்திரமன்று. ஒட்டுக்கன்று காய்ப்பதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். இருமுறை பட்டு மூன்றாம் முறை நட்டவருக்கு அக்காலம் இரண்டு ஆண்டு பின்தள்ளப்படுகின்றது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டுச் சென்று, போர் 2009இல் முடிந்தபின் கட்டங்கட்டமாகத் தம் காணிகளை மீளப்பெற்ற குடும்பங்கள் பல, முன்னிருந்த மரங்களில் ஒன்றேனும் இல்லாத வளவுகளிலேயே குடியேறின. அத்தகையோருக்கு ஓராண்டுத் தாமதமும் பெரிதே.

கிடங்கு

கிடங்கை ஆடி, ஆவணி மாதங்களிலேயே வெட்டிவிடல் வேண்டும். வயலில் வேலை குறைந்திருக்கும் காலம் அது. காய்ந்த நிலம் மண்வெட்டிக்கு இடங்கொடாதாயின், முதல்நாள் மாலையில் இரண்டு மூன்று வாளி நீரை அவ்விடத்தில் ஊற்றிவைத்தால் மறுநாட் காலையில் வேலை இலகுவாகும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 3 அடியாக இருத்தல் நன்று. மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் குவித்து, கிடங்கைச் சில கிழமைகள் வெயில் படும்படி திறந்தே விடலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதன்மேல் முள்ளோ பலகையோ இடுதல் அவசியம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் செம்மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல் கிடக்கும். சிலவிடங்களில் அது ஓர் அடியிலேயே தட்டுப்படும். அங்கே அலவாங்கால் உடைத்தேனும் கிடங்கை ஆழமாக்குதல் தகும். உடையாத பாறையாயின் வேறிடம் பார்ப்பதே புத்தி. வயலை அடுத்த களிமண் வளவுகளில் இடர் வேறு. மார்கழியில் அங்கே நிலமட்டம்வரை நீர் ஏறிநிற்கும். கிடங்கில் நீர் தங்கினால் மாவின் வேர் அழுகும். அவ்வாறான வளவில் 2 அடி உயரமும் 6 அடி அகலமும் உள்ள மேடு அமைத்து, அதன்மேல் நடுவதே முறை.

புரட்டாதி முற்பகுதியிற் கிடங்கை நிரப்பலாம். அடியில் தென்னம்பொச்சு மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே தெரியும்படி இரண்டு வரிசையாக அடுக்கல் வேண்டும். மழைநீரை உறிஞ்சிவைத்து, கோடையில் வேருக்குச் சிறிது சிறிதாக ஈரங்கொடுப்பது இம்மட்டையே. அதன்மேல் மேல்மண்ணுடன் நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு இரண்டு கூடை கலந்து போடலாம். உக்காத எரு சூடேறி இளவேரைக் கெடுப்பதுடன் கறையானையும் அழைத்துவரும். மண் பின்னர் அமிழுமாதலால் நிலமட்டத்துக்கு மேல் அரை அடி உயரமாகக் குவித்துவிடுதல் நன்று.

இவ்வளவும் முன்னரே முடிந்திருப்பின், ஐப்பசியில் முதல் இரண்டு நல்ல மழை பெய்தவுடன் கன்று நடுவதற்கு அரைமணி நேரமே போதும்.

கன்றைத் தெரிதல்

விதையிலிருந்து முளைத்த கன்று தாய்மரத்தின் பழத்தையே தரும் என்பதற்கு உறுதியில்லை; காய்ப்பதற்கும் ஆறு தொடக்கம் பத்து ஆண்டுவரை செல்லலாம். ஆகவே ஒட்டுக்கன்றையே நாடவேண்டும். வறண்ட பிரதேசங்களுக்குக் கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், அம்பலவி, விலாட் ஆகியன ஏற்றவை. சுவையில் கறுத்தக்கொழும்பானுக்கு இணை தேடுவோர் யாழ்ப்பாணத்தில் இல்லை. இடம் ஒடுங்கிய வளவுக்கு விலாட் பொருத்தமானது. பழம் சிறிதாயினும் மரம் அதிகம் பரவுவதில்லை. அண்மைக் காலத்தில் வணிகத் தோட்டங்களிற் பரவிய டொம் ஈ.ஜே.சி. பெரிய பழந்தருவது, வளவிலும் வளர்க்கலாம். ஈரவலயத்தாருக்கு மல்வானை உண்டு.

உயரமான கன்றே நல்லதென எண்ணி வாங்குவோர் பலர். பையில் நெடுநாள் நின்று உயர்ந்த கன்றின் வேர் அடியிற் சுருண்டிருக்கும். அது நட்டபின்னும் சுருண்டபடியே பருத்து, சில ஆண்டுகளின் பின் காற்றில் மரத்தைச் சாய்த்துவிடும். ஒன்றரை, இரண்டடி உயரமும், முற்றிய பச்சை இலையும், நன்கு பொருந்திய ஒட்டும் உள்ள கன்றே சிறந்தது. இளந்தளிர் விட்டுநிற்கும் கன்றைத் தளிர் முற்றும்வரை வைத்திருந்து நடலாம். பதிவுபெற்ற நாற்றுமேடைகளில் வாங்கினால் இனத்தைப் பற்றிய ஐயம் குறையும்.

நடும் இடம் வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியேனும், மற்றொரு பெருமரத்திலிருந்து 25 முதல் 30 அடியேனும் விலகியிருத்தல் வேண்டும். பொலித்தீன் பையைக் கத்தியாற் கீறி அகற்றும்போது மண்கட்டி உடையாமற் பார்க்கவேண்டும். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நன்கு தெரியவேண்டும். அது மண்ணுள் மூடப்படுதல் கூடாது. ஒட்டைச் சுற்றிய பட்டி இன்னும் இருக்குமாயின் அதனை அவிழ்த்துவிடல் வேண்டும். மறந்துவிட்ட பட்டி, தண்டு பருக்கும்போது அதனை இறுக்கி நெரிக்கும்.

கோடையும் காற்றும்

தை முடிய மழை ஓயும். சித்திரையிற் பெய்யும் சிறு மழையை நம்பியிருக்க முடியாது. வைகாசி தொடக்கம் வடக்கிற் சோளகம் என்றும், கிழக்கிற் கச்சான் என்றும் கூறப்படும் உலர்காற்று வீசத்தொடங்கும். இக்காற்று வெயிலினுங் கொடியது. இலையிலுள்ள நீரை, வேர் எடுத்துக்கொடுக்கும் வேகத்தினும் விரைவாக உறிஞ்சிவிடும். கன்றின் தென்மேற்குப் புறத்திற் கிடுகு அல்லது பனையோலை ஒன்றைச் சாய்த்துக் கட்டிவைத்தால் வெயிலும் காற்றும் ஒருங்கே தணியும். ஆடும் மாடும் உள்ள ஊரில் முட்கூடு இல்லாமற் கன்று பிழைக்காது. ஓராண்டு வளர்ச்சியை ஓர் ஆடு ஒரு நிமிடத்தில் தின்றுவிடும்.

முதற் கோடையிற் கிழமைக்கு இருமுறை ஒவ்வொரு வாளி நீர் ஊற்றினாற் போதும். வாளி 10 லீற்றர் கொள்ளுமாயின், 30 கிழமைகளுக்கும் 600 லீற்றரே செல்லும். வெங்காயப் பாத்திகளுக்கு இறைக்கும் நீரோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டன்று. சோப்புக் கலவாத சமையல் கழுவுநீரும் இதற்கு உதவும். நாள்தோறும் ஒரு செம்பு தெளிப்பதிற் பயனில்லை. அவ்வாறு தெளித்தால் மேல்மண் மாத்திரம் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். ஒருநாள் தவறினாலும் கன்று வாடும். இரண்டாம் கோடையிற் கிழமைக்கு ஒருமுறை இரண்டு வாளியும், மூன்றாம் கோடையில் இரு கிழமைக்கு ஒருமுறை மூன்று வாளியும் ஊற்றலாம். மணற்றரையில் இடைவெளியைச் சற்றுக் குறைக்கவேண்டும்.

கிணறு தொலைவிலுள்ள வளவுக்கு மண்முட்டி முறை மிக உதவும். நிறம் பூசாத, 5 முதல் 10 லீற்றர் கொள்ளும் முட்டியொன்றைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பிச் சிரட்டையால் அல்லது ஓட்டால் மூடிவைக்கலாம். நீர் முட்டியின் சுவரினூடே கசிந்து வேரைச் சேரும். மண் ஈரமாயிருக்கும்போது கசிவு குறைந்து, மண் காயும்போது தானே கூடும். மூடி இல்லாவிடின் நுளம்பு பெருகும்.

கன்றைச் சுற்றி 3 அடி வட்டத்தில் வைக்கல் அல்லது சருகு பரப்புவதும் நன்மை தரும். ஆயின் தண்டைத் தொடாமல் அரை அடி விட்டே பரப்பவேண்டும். தண்டோடு சேரப் பரப்பினாற் கறையான் அதன்வழியே பட்டையில் ஏறும்.

ஒட்டின் கீழ் முளைக்கும் தளிர்

இதனைச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். ஒட்டுக்கன்று என்பது இரு மரங்கள் சேர்ந்த ஒன்று. கீழேயுள்ள ஒட்டுக்கட்டை ஏதோவொரு நாட்டுமாவின் விதையில் முளைத்தது. மேலேயுள்ள கிளையே நாம் விரும்பிய இனம். வெயிலால் அல்லது ஆடு கடித்தமையால் மேற்கிளை சோர்ந்தால், ஒட்டின் கீழிருந்து புதுத்தளிர் எழும்பும். அது நேராகவும் விரைவாகவும் வளரும். கன்று பிழைத்துவிட்டது என மகிழ்ந்து அதற்கு நீரூற்றி வளர்ப்போர் உளர். மேற்கிளை மெல்ல மறைந்து, கட்டையே மரமாகும். பல ஆண்டுகள் கழிந்து புளிமாங்காய் காய்க்கும்போது, கன்று விற்றவரைக் குறை கூறுவர். விற்றவரோ சரியான கன்றையே கொடுத்திருப்பார். ஒட்டின் கீழ் எழும் தளிர் எதுவாயினும் கண்டவுடன் அடியோடு கிள்ளி எறிதல் வேண்டும். ஏற்கெனவே மரமாகிவிட்டதாயினும் வழியுண்டு: கிளைகளைத் தறித்து, புதிதாக வரும் தளிர்களில் நல்லினத்தை ஒட்டிக்கொள்ளலாம். இதனைச் செய்துகாட்டுமாறு பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம்.

கன்று 3 அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, பல திசைகளில் எழும் மூன்று அல்லது நான்கு கிளைகளை மாத்திரம் விடவேண்டும். ஒட்டுக்கன்று முதலாண்டிலேயே பூப்பதுண்டு. அப்பூவைக் கிள்ளிவிட மனம் வராது. எனினும் மூன்றாம் ஆண்டுவரை கிள்ளியே ஆகவேண்டும். ஒல்லித் தண்டு காயைச் சுமந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

பூக்காத மரம்

நன்கு வளர்ந்தும் பூக்காத மரத்தைப் பற்றி மரக்கறித் தோட்டக்காரர் அடிக்கடி முறையிடுவர். அம்மரம் பெரும்பாலும் மிளகாய், கத்தரிப் பாத்திகளின் ஓரத்தில் நிற்பதாயிருக்கும். மா பூப்பதற்கு மாரிக்குப்பின் சில கிழமைகள் நிலம் உலர்ந்திருத்தல் வேண்டும். பாத்திக்கு இறைக்கும் நீரும் இடும் பசளையும் அதன் வேரையும் சேர்வதால், மரம் பூவுக்குப் பதிலாக இலையையே தள்ளுகின்றது. காய்க்கும் வயதை அடைந்த மரத்துக்கு மாரி ஓய்ந்ததுமுதல் நீரை நிறுத்தி, பிஞ்சு பட்டாணிக்கடலை அளவு ஆனபின்பே மீண்டும் ஊற்றுதல் முறை. ஆதலால் மரத்தைப் பாத்தியிலிருந்து எட்ட நடுவதே நன்று. முதல் மூன்றாண்டுகளில் மாத்திரம் இடைவெளியிற் பயறு, நிலக்கடலை போன்றவற்றை விதைக்கலாம்.

பூக்காலத்தில் மழையோ கடும் பனியோ இருப்பின் பூங்கொத்து கருகும். தத்துப்பூச்சிகள் சாற்றை உறிஞ்சி, இலையில் தேன்போன்ற கசிவை விடும். அதிற் கரும்பூஞ்சணம் படரும். உட்கிளைகளைக் கத்தரித்து வெளிச்சமும் காற்றும் புகவிட்ட மரத்தில் இவை குறைவு.

பழ ஈ இவற்றினுங் கேடானது. முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து ஈ முட்டையிடும். புழு உள்ளே வளர்ந்து, காய் விழுந்தபின் மண்ணுட் சென்று கூட்டுப்புழுவாகும். ஆகையால் விழுந்த காயை மரத்தடியில் விடுதல் கூடாது. அன்றன்றே பொறுக்கி 2 அடி ஆழத்திற் புதைக்கலாம். அல்லது பொலித்தீன் பையிற் கட்டி வெயிலில் வைக்கலாம். பொறியில் வைக்கும் மெதைல் இயூஜினோல் ஆண் ஈக்களை மாத்திரமே இழுப்பதால், ஒரு வீட்டில் மாத்திரம் வைத்தாற் போதாது. அயல் வளவுகளிலும் வைத்தாலே பலன் தெரியும். எட்டிய காய்களுக்குக் கடதாசிப் பை கட்டுவது செலவற்றதும் உறுதியானதுமான காவலாகும்.

முற்றிய காயின் காம்படி இருபுறமும் தோள் எழுந்து நிற்கும், நீரிலிட்டால் அமிழும். வலை கட்டிய கொக்கைத்தடியாற் காம்புடன் பறித்து, பால் வடிந்து தோலிற் படாதவாறு காம்பு கீழ்நோக்க வைத்து, பின்னர் வைக்கலில் அடுக்கினால் சில நாட்களிற் பழுக்கும். சந்தைக்கு விரைவிற் கொண்டுசெல்லும் பொருட்டு இளங்காயைப் பறித்துக் காபைட்டு இட்டுப் பழுக்கவைப்பது உண்பவருக்குத் தீங்கு. அப்பழத்திற் சுவையும் இராது.

தேசி, மாதுளை, கொய்யா நடுவோரும் கிடங்கு, நிழல், நீர் ஆகியவற்றில் இம்முறையையே கைக்கொள்ளலாம். இவற்றுக்கு 2 அடிக் கிடங்கு போதும். தேசியின் அடித்தண்டில் நீர் தங்கினாற் பட்டை அழுகும். எனவே தண்டைச் சுற்றி மண்ணைச் சிறிது உயர்த்தி, நீரை அதற்கு வெளியிலுள்ள வட்டத்தில் ஊற்றவேண்டும். இளந்தேசியின் இலையைத் தின்னும் பச்சைப் புழுக்களைக் கையாற் பொறுக்கியே அழிக்கலாம். அதற்கு மருந்து வேண்டியதில்லை.