நீரிழிவும் நினைவாற்றலும்

நம் வீடுகளில் எரியும் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றின் திறன் 9 அல்லது 10 வாட் இருக்கும். அத்தகைய இரண்டு விளக்குகளின் திறனைக் கொண்டே மனித மூளை வேலை செய்கிறது என்றால் நம்புவீர்களா? மூளையின் திறன் ஏறத்தாழ 20 வாட். கணக்குப் போடுவதும், கூட்டத்தில் நண்பனின் முகத்தை அடையாளம் காண்பதும், நேற்றுப் படித்த பாடத்தை நினைவுக்குக் கொண்டுவருவதும் இந்த 20 வாட்டுக்குள் நடைபெறுகின்றன.

20 வாட் என்றால் வினாடிக்கு 20 ஜூல். ஒரு நாளில் 86,400 வினாடிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் சுமார் 17 லட்சம் ஜூல் வருகிறது. ஒரு கிராம் குளுக்கோஸ் உடலில் எரியும்போது சுமார் 16,000 ஜூல் ஆற்றல் கிடைக்கும். ஆகவே மூளைக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று அதிகமான குளுக்கோஸ் தேவை. உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உள்ள இவ்வுறுப்பு, ஓய்வாயிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆனால் மூளை இந்த எரிபொருளைத் தன்னிடம் அதிகம் சேமித்து வைப்பதில்லை. இரத்தம் கொண்டுவந்து தரத் தர எரித்துவிடுகிறது.

எனவே இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவும், இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களும் சீராக இருந்தால்தான் மூளை சீராக இயங்கும். நீரிழிவு நோய் இவ்விரண்டையும் கெடுக்கிறது. நடுவயதில் வரும் நீரிழிவு, முதுமையில் நினைவாற்றலைப் பாதிக்கக்கூடும் என்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அது எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தடுக்க இளமையிலேயே என்ன செய்யலாம் என்பதை இங்குக் காண்போம்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

உடல்நலமுள்ள ஒருவர் காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது, அவருடைய இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாகவே குளுக்கோஸ் இருக்கும். வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர், அதாவது 50 டெசிலிட்டர் இரத்தம் உள்ளது. எனவே மொத்த இரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு!

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். 300 மில்லிலிட்டர் இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். அது செரிமானமாகும்போது ஏறத்தாழப் பாதி குளுக்கோஸாக மாறும். அதாவது உங்கள் இரத்தம் முழுவதிலும் உள்ளதைப் போல மூன்று மடங்கு குளுக்கோஸ் சிறிது நேரத்தில் உள்ளே வந்து சேருகிறது. ஆயினும் இரத்தத்தின் சர்க்கரை மும்மடங்காக உயர்ந்துவிடுவதில்லை. கணையம் உடனே இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் கல்லீரலுக்கும் தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும், "குளுக்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று செய்தி சொல்கிறது. அவையும் எடுத்துக்கொள்கின்றன.

கணையம் இன்சுலினைச் சுரக்கவே முடியாமல் போவது முதல் வகை நீரிழிவு. இது சிறு வயதிலும் வரக்கூடியது; இனிப்புத் தின்றதால் வருவதன்று. உங்கள் வகுப்பில் யாருக்கேனும் இது இருந்தால், அதில் அவர்களுடைய குற்றம் ஏதுமில்லை என்பதை மறவாதீர்கள்.

நாம் இங்குப் பேசப்போவது இரண்டாம் வகையைப் பற்றி. இதில் இன்சுலின் சுரக்கிறது; ஆனால் தசைகளும் கல்லீரலும் அதன் செய்திக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. உடலுழைப்புக் குறைவும், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், பரம்பரையும் இதற்குக் காரணங்கள். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து பல ஆண்டுகள் ஈடுகட்டப் பார்க்கிறது. ஒரு நாள் அதுவும் களைத்துப்போகிறது. அப்போதுதான் இரத்தச் சர்க்கரை உயரத் தொடங்குகிறது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பது உறுதியானால் அது நீரிழிவு.

குழாய்கள் கெடுவது எப்படி?

குளுக்கோஸ் ஒட்டும் தன்மையுடையது. அது இரத்தத்தில் மிகுந்திருந்தால் புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தே, கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை மருத்துவர்கள் கணிக்கின்றனர். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இது இயலுகிறது. ஆனால் இரத்தக் குழாய்ச் சுவர்களில் உள்ள சில புரதங்கள் அவ்வளவு விரைவில் மாற்றப்படுவதில்லை. அவற்றில் ஒட்டிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் தங்கி, சுவர்களை விறைப்பாக்குகிறது. உட்சுவரில் அழற்சியும் கொழுப்புப் படிவும் சேர, குழாய் குறுகுகிறது.

குழாய் சற்றுக் குறுகினால் என்ன ஆகும்? 1840ஆம் ஆண்டை ஒட்டி, பாய்ஸியூலி என்ற பிரெஞ்சு மருத்துவர் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் திரவ ஓட்டத்தை அளந்து ஒரு விதியைக் கண்டார். அழுத்தம் மாறாதிருக்கும்போது, ஓட்டத்தின் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. ஆரம் நூற்றுக்கு 10 பங்கு குறைவதாகக் கொள்வோம். 0.9ஐ நான்கு முறை பெருக்கினால் 0.66 வரும். அதாவது ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்! ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்குதான். இரத்தம் தண்ணீரைப் போன்ற எளிய திரவம் அன்று. உடலும் அழுத்தத்தையும் பாதையையும் மாற்றி ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். எனினும் சிறு குறுக்கம் பெரும் இழப்பாகும் என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது. தானே எரிபொருளைச் சேமித்து வைக்காத மூளைக்கு இந்த இழப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அல்ஜைமர் கண்டது

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவருடைய நினைவாற்றல் வேகமாகச் சிதைந்துகொண்டிருந்தது. 1906இல் அவர் இறந்தபின், அவரைக் கவனித்த மருத்துவர் ஆலோயிஸ் அல்ஜைமர் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்புச் செல்களுக்கு வெளியே படிவுகளும், செல்களுக்குள் சிக்குண்ட இழைகளும் தென்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை அவர் விளக்கினார். அந்தப் படிவுகள் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தாலும், இழைகள் டௌ என்ற புரதத்தாலும் ஆனவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

சாவியை வைத்த இடத்தை மறப்பது அல்ஜைமர் நோயன்று; அது எவருக்கும் நேர்வது. சாவி எதற்குப் பயன்படுகிறது என்பதே விளங்காமல் போவதும், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பதும் நோயின் அடையாளங்கள். இவ்வாறு அறிவாற்றல் சிதையும் நிலைக்கு டிமென்ஷியா என்பது பொதுப்பெயர். டிமென்ஷியா உள்ளவர்களில் நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு அல்ஜைமர் நோய் காரணமாகவோ உடன்காரணமாகவோ உள்ளது. மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் டிமென்ஷியாவும் உண்டு. பல முதியவர்களிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. எழுபது வயதில் தெரியும் நோயின் விதை ஐம்பதில் விழுந்துவிடுகிறது என்று பொருள்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 6,000க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1999இல் வெளியாயிற்று. நீரிழிவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

எந்த வயதில் நீரிழிவு வருகிறது என்பது முக்கியமா? இலண்டன் அரசு அலுவலர்கள் சுமார் 10,000 பேரை 1985ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்த ஆய்வு ஒன்று 2021இல் இதற்கு விடை தந்தது. 70 வயதில் நீரிழிவு இல்லாதவர்களில், ஆண்டுக்கு ஆயிரத்தில் 8.9 பேருக்கு டிமென்ஷியா வந்தது. 65 வயதுக்குப் பின் நீரிழிவு வந்தவர்களில் 10 பேருக்கு வந்தது. அறுபதுக்கு முன்பே நீரிழிவு வந்தவர்களிலோ 18.3 பேருக்கு! நீரிழிவு ஐந்தாண்டு முன்னதாக வரும் ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒரு பங்கு கூடுகிறது என்று அவ்வாய்வாளர்கள் கணித்தனர்.

சர்க்கரையிலிருந்து மறதிக்குச் செல்லும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. குழாய்கள் குறுகுவதை மேலே கண்டோம். இரண்டாவதாக, நினைவைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் இன்சுலினுக்கான ஏற்பிகள் நிறைந்துள்ளன. அங்கும் இன்சுலினின் செய்தி எடுபடாமல் போகலாம். மூன்றாவதாக, இன்சுலினைச் சிதைக்கும் ஒரு நொதியே அமிலாய்டு பீட்டாவையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுந்துவிட்டால் நொதி அதிலேயே ஈடுபட, அமிலாய்டு தேங்கிவிடும் என்பது ஒரு கருதுகோள்.

இவற்றுள் முதலாவதற்கே சான்று வலுவாக உள்ளது. இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்த ஆய்வுகளில், நீரிழிவு இருந்தவர்களிடம் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் நேர்ந்த சேதங்களே தெளிவாக மிகுந்திருந்தன; அமிலாய்டு படிவு அவ்வாறு மிகுந்திருக்கவில்லை. ஆகவே "நீரிழிவுதான் அல்ஜைமர் நோயை உண்டாக்குகிறது" என்று சொல்வது பிழை. ஏற்கெனவே படிவுகளால் தளர்ந்த மூளையை நீரிழிவு மேலும் தளரச் செய்து, மறதியை முன்கூட்டியே வெளிக்கொணர்கிறது என்று சொல்வது பொருந்தும். நீரிழிவுள்ள அனைவருக்கும் மறதி நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

பிந்தினால் என்ன?

நோய் வந்தபின் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தால் போதாதா? அமெரிக்காவிலும் கனடாவிலும், பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள, சராசரி 62 வயதினரிடம் இதைச் சோதித்தனர். 2011இல் வெளியான முடிவின்படி, 40 மாதங்களுக்குப் பின்னும் அவர்களுடைய சிந்தனைத் திறன் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களைவிட மேம்படவில்லை. நீரிழிவுள்ளவர்கள் மருந்தை விட்டுவிடலாம் என்பது இதன் பொருளன்று. கண், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைக் காக்க மருத்துவம் கட்டாயம் தேவை. ஆனால் மூளையைப் பொறுத்தவரை, நோயை வரவிடாமல் தடுப்பதும் தள்ளிப்போடுவதும் மேல் எனத் தோன்றுகிறது.

தடுக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் நடந்த ஆய்வில் (2002), வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் சிறிது எடைக் குறைப்பும் நோய் வருவதை நூற்றுக்கு 58 பங்கு குறைத்தன. சென்னையில் 531 பேரிடம் நடந்த ஆய்வில் (2006), அறிவுரை பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டில் நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது.

வீட்டிலேயே ஒரு கணக்கு

சென்னை ஆய்வாளர்கள் 2005இல் வகுத்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு. இதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை; ஓர் அளவு நாடா போதும். வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 முதல் 99 செ.மீ., பெண்களுக்கு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, அதற்கு மேல் 20. உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30. பயிற்சி அல்லது கடின உழைப்பு, இரண்டில் ஒன்று இருந்தால் 20. இரண்டும் இருந்தால் 0. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டுத்தொகை 60 அல்லது அதற்கு மேல் வந்தால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் 45 வயதுத் தந்தை ஒருவர். இடுப்பு 96 செ.மீ.; உடற்பயிற்சி இல்லை; அவருடைய தாய்க்கு நீரிழிவு. 20, 10, 30, 10 ஆகியவற்றைக் கூட்டினால் 70. அவர் நாள்தோறும் நடந்து, இடுப்பையும் 90க்குக் கீழ் கொண்டுவந்தால் 50 ஆகிவிடும். வயதையும் பெற்றோரையும் மாற்ற இயலாது. மற்ற இரண்டும் அவர் கையில் உள்ளன. இந்தக் கணக்கை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

உங்களுக்கு இந்தக் கணக்கு இப்போது தேவையில்லை, பழக்கங்களே தேவை. சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் உதவியில்லாமலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எனவே மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுங்கள். தேர்வு மாதத்திலும் இதை விடாதீர்கள். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் குடியுங்கள். தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். கேழ்வரகும் கம்பும் நல்லவையே. ஆனால் அவற்றின் மாவுச்சத்தும் குளுக்கோஸாகத்தான் மாறும், அளவு வேண்டும். புகையிலையைத் தொடாதீர்கள். இரவில் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு நன்றாக உறங்குங்கள்.

2024இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, டிமென்ஷியாவுக்கு வழி வகுப்பவற்றில் நாம் மாற்றக்கூடியவை 14 எனப் பட்டியலிட்டது. நீரிழிவு அவற்றுள் ஒன்றே. ஆனால் உடலுழைப்பின்மை, உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. நீரிழிவைத் தடுக்கும் அதே நடையும் உணவும் இவற்றையும் சேர்த்துத் தடுக்கின்றன. இன்று பதினைந்து வயதில் இருக்கும் நீங்கள் எழுபதை எட்ட இன்னும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் உள்ளன. உங்கள் பெற்றோருக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆகையால் இன்று மாலை நடக்கப் புறப்படும்போது, அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.