ஆயிரம் கம்ப்யூட்டருக்கு ஒரு காவலர்: எஸ்டேட் பிள்ளைகள் கற்கத் தக்க தொழில்

மூணாறு:

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. உலகின் பல நாடுகளில் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் திடீரென்று சிவப்புத் திரை காட்டி நின்றன. “உன் கோப்புகளைப் பூட்டி விட்டோம், பணம் கட்டினால் திறந்து விடுவோம்” என்பது அத்திரையில் கண்ட மிரட்டலின் சாரம். ‘வான்னாக்ரை’ எனப் பெயர் பெற்ற அந்தக் கணினிக் கிருமி சுமார் 150 நாடுகளைப் பாதித்தது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நிலைகுலைந்து, ஏறத்தாழ 19 ஆயிரம் நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின.

நம் பகுதியையும் அது விட்டு வைக்கவில்லை. அடுத்த வாரத் தொடக்கத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகங்களில் அதன் கைவரிசை தெரிந்தது. பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. நல்ல வேளையாக ரயில் ஓட்டத்துக்குப் பாதகம் நேரவில்லை.

இதில் வேதனைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நோய்க்கு மருந்து முன்பே வந்து விட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் தேதியே அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருந்தது. இடையில் இருந்தவை எட்டு வாரங்களுக்கும் மேல். மருந்தைப் போட்டுக் கொண்ட கம்ப்யூட்டர்கள் தப்பின. போடாதவை அகப்பட்டுக் கொண்டன.

அப்படியானால் அந்த மருந்தை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் போட வேண்டியவர் யார்? அவருக்கு ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று பெயர். அவர் வேலைக்கு உதவும் சாஃப்ட்வேரைக் கற்றுத் தரும் பயிற்சிகள் இன்று நாடெங்கும் நடக்கின்றன. மலை ஏறி இறங்கி வேலை தேடும் நம் எஸ்டேட் பிள்ளைகள் அறிந்து கொள்ள வேண்டிய தொழில் இது.

மஸ்டர் எடுப்பது போல

பத்து கம்ப்யூட்டர் உள்ள அலுவலகத்தில் ஒருவர் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து வேலை பார்த்து விடலாம். பத்தாயிரம் கம்ப்யூட்டர் உள்ள வங்கியிலோ மருத்துவமனைக் குழுமத்திலோ அது நடவாது. ஆகவே ஓரிடத்தில் அமர்ந்தபடி அத்தனையையும் கவனிக்கத் தனி சாஃப்ட்வேர் உண்டாயிற்று. மைக்ரோசாஃப்ட் 1994-ல் வெளியிட்ட ‘சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர்’ இவ்வகையில் பேர் பெற்றது. அதன் வாரிசுதான் இன்றைய ‘கான்ஃபிகரேஷன் மேனேஜர்’. 2011 முதல் இணையத்தின் வழியே அதே வேலையைச் செய்யும் ‘இன்ட்யூன்’ என்பதும் சேர்ந்து கொண்டது.

தோட்டத்து வழக்கப்படி இதை எளிதில் விளக்கலாம். காலையில் மஸ்டர் எடுக்கும்போது யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்தக் காடு என்பது பதிவாகிறது அல்லவா? அதே போல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ‘ஏஜென்ட்’ என்னும் சிறு சாஃப்ட்வேர் வைக்கப்படுகிறது. அது குறித்த நேரத்தில் தலைமைக் கம்ப்யூட்டரிடம் ஆஜராகி, தான் இருக்கும் இடம், தன்னில் உள்ள சாஃப்ட்வேர், போட்டுக் கொண்ட திருத்தங்கள், விட்டுப் போனவை ஆகியவற்றைச் சொல்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் அந்தக் கணக்கைப் பார்த்துக் கட்டளை இடுகிறார். இரவில் அலுவலகம் பூட்டிய பின் ஆயிரம் கம்ப்யூட்டர்களிலும் திருத்தம் ஏறி விடுகிறது. காலையில் ஏறாதவற்றின் பட்டியல் மேஜைக்கு வருகிறது.

அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவரே நல்ல அட்மினிஸ்ட்ரேட்டர். ‘தொண்ணூற்றைந்து சதவிகிதம் முடிந்தது’ என்று மகிழ்ந்து விட்டால், மீதி ஐந்து சதவிகிதத்தின் வழியாகத் திருடன் புகுந்து விடுவான்.

அவசரமும் ஆபத்து

மருந்து போடாதது ஒரு குற்றம் என்றால், சோதிக்காமல் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போடுவது இன்னொரு குற்றம். 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் இதைக் கண்டது. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தத்தால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்று போயின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நின்ற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஆள் நேரில் போய்த் தொட்டே சரி செய்ய வேண்டியதாயிற்று.

புது மருந்தை முதலில் ஒரு காட்டில் அடித்துப் பார்த்து, செடி தாங்கிய பிறகே மற்றக் காடுகளுக்குக் கொண்டு போவது தோட்டத்தில் அனுபவம் உள்ளவர்களின் வழக்கம். கம்ப்யூட்டருக்கும் அதுவே விதி. முதலில் சோதனைக் கம்ப்யூட்டர்கள், பிறகு ஒரு சிறு பிரிவு, அதன் பின்பே அனைத்தும். ஏதேனும் தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு பயிற்சி நல்லதா இல்லையா என்பதற்கு இந்தப் பாடம் அதில் உண்டா என்பதே உரைகல்.

என்னென்ன கற்க வேண்டும்?

இந்தச் சாஃப்ட்வேரில் நேரே இறங்க முடியாது. அடித்தளம் வேண்டும். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் நெட்வொர்க் முறை, ஐ.பி. முகவரி, பயனாளர் பெயர்களையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் ‘ஆக்டிவ் டைரக்டரி’, விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றின் நிர்வாகம், தகவல் கிடங்கைக் கேள்வி கேட்கும் ‘எஸ்.க்யூ.எல்.’ மொழி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ‘பவர்ஷெல்’ போன்ற கட்டளைத் தொகுப்புகள் என்பவை முதற்படி. அதன் மேல்தான் கணக்கெடுப்பு, சாஃப்ட்வேர் பரப்புதல், திருத்தம் ஏற்றுதல், தொலைவிலிருந்து பழுது நீக்கல், அறிக்கை தயாரித்தல் ஆகிய பாடங்கள் வருகின்றன.

பயிற்சிக்கு ஆயிரம் கம்ப்யூட்டர் வேண்டாம். ஓரளவு வலுவான ஒரே கம்ப்யூட்டருக்குள் நான்கைந்து ‘மெய்நிகர் கம்ப்யூட்டர்களை’ உண்டாக்கிப் பழகலாம். மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் சாஃப்ட்வேரை 180 நாட்கள் சோதனைக்கு இலவசமாகவே தருகிறது. அந்நிறுவனத்தின் இணையப் பாடங்களுக்கும் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டுமே பணம். ‘எண்ட்பாயின்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற சான்றிதழுக்கு உரிய தேர்வின் எண் எம்.டி.-102.

தமிழ் மண்ணில் பிறந்தவை

இந்தத் துறை சாஃப்ட்வேர் எல்லாம் அமெரிக்காவில் உண்டாவது என்று எண்ண வேண்டாம். ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996-ல் தொடங்கிய ‘அட்வென்ட்நெட்’ நிறுவனம் நெட்வொர்க் நிர்வாக சாஃப்ட்வேரில்தான் காலூன்றியது. அதுவே இன்றைய ‘ஜோஹோ’. அதன் ‘மேனேஜ்என்ஜின்’ பிரிவு தயாரிக்கும் ‘எண்ட்பாயின்ட் சென்ட்ரல்’ உலக நாடுகளில் விலை போகிறது. 25 கருவிகள் வரை அதை இலவசமாகவே உபயோகிக்கலாம். கற்பவருக்கு அது போதும்.

அந்நிறுவனம் 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. 2025 ஜூலையில் கேரளத்தில் கொட்டாரக்கரையை அடுத்த நெடுவத்தூரிலும் ஒரு மையம் தொடங்கிற்று. பெருநகரத்தை விட்டுக் கிராமத்திலும் இவ்வேலை நடக்கும் என்பதற்கு இவை அத்தாட்சி. 2005-ல் ஆறு மாணவர்களோடு தொடங்கிய அதன் பள்ளி, பிளஸ் டூ அல்லது டிப்ளமா படித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கிறது. அங்கே முக்கியமாகச் சாஃப்ட்வேர் எழுதத்தான் கற்றுத் தருகிறார்கள் என்றாலும், பட்டம் இல்லாமலும் இத்துறையில் நுழைய முடியும் என்பதை அது காட்டி விட்டது.

தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த ஷிவ் நாடார் 1976-ல் நண்பர்களோடு நிறுவிய எச்.சி.எல். நிறுவனமும், ‘பிக்ஃபிக்ஸ்’ என்னும் இவ்வகை சாஃப்ட்வேரை 2019-ல் ஐ.பி.எம்.மிடமிருந்து வாங்கியது. மதுரையிலும் அந்நிறுவனத்துக்கு அலுவலகம் உண்டு.

பெற்றோர் கவனிக்க

இத்தொழிலின் பெயரால் பணம் பறிப்போரும் உண்டு. தோட்டத் தொழிலாளி வீட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் கட்டணம் என்றால் அது பல மாதக் கூலி. பெரும்பாலும் வட்டிக் கடன். சில வீடுகளில் அம்மாவின் தாலிச் சங்கிலி. கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது, எந்தச் சான்றிதழுக்குப் பயிற்சி? ‘எம்.சி.எஸ்.இ.’ என்று இன்னும் பலகை தொங்க விட்டிருந்தால் உஷார். அந்தச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்தி விட்டது. இரண்டாவது, பையன் தன் கையால் சர்வர் நிறுவிப் பழக இடம் உண்டா, அல்லது திரையில் படம் காட்டுவதோடு சரியா? மூன்றாவது, தேர்வுக் கட்டணம் இதில் அடக்கமா? நான்காவது, ‘டம்ப்’ எனப்படும் கேள்வி பதில் தொகுப்பை மனப்பாடம் செய்ய வைப்பவரா? அப்படித் தேறியவர் நேர்முகத் தேர்வின் முதல் பத்து நிமிடத்தில் அகப்பட்டுக் கொள்வார். தேர்வு நடத்தும் நிறுவனம் கண்டு பிடித்தால் சான்றிதழும் பறிபோகும்.

‘வேலை நிச்சயம்’ என்று எழுதித் தர யாராலும் முடியாது. தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் ‘ஹெல்ப் டெஸ்க்’ உத்தியோகம். இரவு வேலை உண்டு. திருத்தங்கள் ஏற்றப்படுவதே பெரும்பாலும் இரவில்தான். இதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி விடுவது நல்லது.

தமிழ் வழியில் படித்தவர் பயப்பட வேண்டுமா?

எஸ்டேட் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு மலை. எனினும் அவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு மூலதனம் உண்டு. கேரள அரசுப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் லினக்ஸில்தான் நடக்கிறது. அண்டை மாநிலத்து மாணவர் பலர் கல்லூரியில் போய்ப் பார்க்கும் லினக்ஸை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே தொட்டு விடுகிறார்கள். சர்வர்களில் பெரும்பங்கு ஓடுவதும் அதில்தான். மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தொடங்கி ஆங்கிலத்துக்கு நகர்வது சுலபம்.

பெரிய இடைஞ்சல் தொடர்பு வசதிதான். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் மாண்ட துயரச் செய்தி, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கு எட்டியது. அந்த ஆண்டு பள்ளிகள் மூடிய காலத்தில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளையும் இந்த மலை மறக்கவில்லை. மாநில அரசின் ‘கே-ஃபோன்’ கண்ணாடி இழைத் திட்டம் 2023 ஜூன் 5-ல் தொடங்கப்பட்டது. அந்த இழை டவுனோடு நின்று விடாமல் டிவிஷன் வரை போய்ச் சேர வேண்டும்.

இங்கேயே ஒரு வகுப்பு

மூணாற்றில் 2000 முதல் இஞ்சினீயரிங் கல்லூரி இருக்கிறது. ஓட்டல்கள், வங்கிகள், தேயிலை நிறுவனம், மருத்துவமனை எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர்கள் பெருகி விட்டன. பஞ்சாயத்து அலுவலகங்களும் 2025 ஏப்ரலில் ‘கே-ஸ்மார்ட்’ முறைக்கு மாறின. ஒரு பிறப்புச் சான்றிதழ் வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும் என்ற நிலை.

கல்லூரி ஆய்வுக்கூடம் விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை. தொழிற்சங்கங்களும் நிறுவனமும் பஞ்சாயத்தும் கூடிப் பேசினால், பத்துக் கம்ப்யூட்டரும் ஓர் ஆசிரியரும் கொண்ட ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்துவது பெரிய செலவல்ல. பாடமும் சாஃப்ட்வேரும் இலவசம் என்பதை மேலே பார்த்தோம்.

தேவை எவ்வளவு அவசரம் என்பது லயங்களில் வாழ்வோருக்குத் தெரியும். அப்பாவோ அம்மாவோ ஓய்வு பெறும் நாளில், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பெயர் கொடுத்திராவிட்டால், பிறந்து வளர்ந்த லயத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கூரைக்காகவே படித்த பிள்ளை கொழுந்துக் கூடையை எடுத்த வீடுகள் இங்கே உண்டு. கூடை எடுப்பது இழிவல்ல. ஆனால் அது ஒன்றே வழி என்றிருப்பது கொடுமை. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு ஓடுவதை விட, இந்த விடுமுறையிலேயே லினக்ஸில் முதல் பாடத்தைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.