அழுக்கு நீர் எங்கே போகிறது?

பாத்திரம் கழுவிய நீரையும், குளித்த நீரையும், கழிப்பறையில் ஊற்றிய நீரையும் நாம் நாள்தோறும் வெளியே விட்டுவிடுகின்றோம். வாசற்படியைத் தாண்டியதும் அதைப் பற்றிய நினைவே நமக்கு அற்றுப்போகின்றது. ஆயினும், அந்நீர் எங்கேனும் போய்ச் சேரத்தானே வேண்டும்? கடலோர ஊர்களில் அது சேருமிடம் பெரும்பாலும் கடலே. அக்கடலில் வளரும் மீனும் சிப்பியும் மீண்டும் நம் உணவாகவே வந்து சேருகின்றன.

இவ்வுண்மையை உணர்ந்து செயல்பட்ட சிற்றூர் ஒன்றைப் பற்றி ஈண்டு காண்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து வடகோடியில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளது ஆர்க்காட்டா. மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. அவ்விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. நீர் மாசுற்றால் சிப்பி எடுப்பது நின்றுபோகும். பலருடைய பிழைப்பும் கெடும்.

1974-ஆம் ஆண்டில் மாநில அரசு கடும் விதியொன்றை வகுத்தது. விரிகுடாவின் நலத்தை மேம்படுத்தினாலன்றிக் கழிவுநீரை அதனுள் விடலாகாது என்பதே அவ்விதி. சுற்றுப்புற ஊர்கள் யாவும் சேர்ந்து ஒரு பெரிய நிலையத்தைக் கட்டி, நீண்ட குழாய்வழியே கழிவுநீரை வெளிக்கடலில் தள்ளிவிடலாம் எனத் திட்டம் எழுந்தது. ஆர்க்காட்டா மக்கள் இதற்கு இசையவில்லை. செலவோ மிகுதி, மேலும், அழுக்கை வேறோரிடத்திற்கு அனுப்புவது மட்டும் தீர்வாகுமா என்று அவர்கள் வினவினர்.

அவ்வூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், சுத்திகரித்த கழிவுநீரைக் கடல்நீருடன் கலந்து சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர். பொறியியற் பேராசிரியர் ராபர்ட் கியர்ஹார்ட், சதுப்பு நிலமே நீரைத் தூய்மை செய்யும் என்றார். 1979 முதல் 1982 வரை சோதனை நடந்தது. 1983-இல் இசைவு கிடைத்தது. 1986-இல் பணி நிறைவுற்றது.

அது செயல்படும் விதம் எளிது. முதலில் சல்லடைகள் குப்பையைத் தடுக்கின்றன. தொட்டிகளில் கசடு அடியில் தங்குகின்றது. பின்னர், திறந்த குளங்களில் பாசி பிராணவாயுவை வெளியிட, நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு செரிக்கின்றன. அடுத்து, சம்பும் கோரையும் அடர்ந்த சதுப்பு நிலங்களினூடே நீர் மெல்ல நகர்கின்றது. செடிகளின் நிழலில் பாசி மடிகின்றது. தண்டுகளில் பற்றியுள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய மாசை நீக்குகின்றன. கிருமி நீக்கம் செய்யப்பட்ட பின்னரே நீர் விரிகுடாவைச் சேருகின்றது.

முன்னர்க் குப்பைமேடும் கைவிடப்பட்ட மரஆலைகளும் கிடந்த இடம் இன்று 300 ஏக்கருக்கு மேற்பட்ட பறவைகள் புகலிடமாகத் திகழ்கின்றது. மக்கள் அங்கே காலாற உலவுகின்றனர். 1987-இல் போர்டு அறநிறுவனத்தின் பரிசும் இதற்குக் கிட்டியது.

எனினும், இதனைக் குறையற்றது எனக் கூறிவிட முடியாது. மாரிக்காலத்தில் பழைய குழாய்களுக்குள் மழைநீர் புகுந்து நிலையத்தைத் திணறச் செய்கின்றது. நிலையமோ தாழ்ந்த கரையில், மண் அணைகளுக்குப் பின்னே உள்ளது. அங்கே நிலம் தாழ்ந்துவருவதால், கடல்மட்டம் கலிபோர்னியாவின் பிற கரைகளைவிட விரைவாக உயர்கின்றது. ஆகவே, அடுத்த தலைமுறை மீண்டும் சிந்தித்தாக வேண்டும்.

எத்துணைச் சிறந்த நிலையமாயினும், அதன் பணி நம் வீட்டுச் சமையலறையிலேயே தொடங்குகின்றது. எஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் கொட்டாதிருப்போம். துணியையும் பிளாஸ்டிக்கையும் கழிப்பறையில் போடாதிருப்போம். மழைநீரைச் சாக்கடைக் குழாயில் திருப்பாதிருப்போம். நாம் விடும் நீர் எங்கே போகிறது என்று நம் பிள்ளைகள் கேட்டால், விடை சொல்லத் தெரிந்தவர்களாய் இருப்போமாக!