உங்களுக்குத் தெரியுமா? – வேரோடு உறவாடும் ஜீன்கள்

குதிரைமசால் செடியை மெல்லப் பெயர்த்து, வேரிலுள்ள சிறு முடிச்சொன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்; காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஆகாரமாக்கும் பாக்டீரியாக்கள் வாசஞ்செய்யும் ஸ்தானம் அதுவே. அவை அங்கே குடிபுகும் விதமோ மகா ஆச்சரியமானது: செடி கசியவிடும் லூட்டியோலின் என்னும் பொருளைப் பாக்டீரியாவின் ‘நாட்-டி’ ஜீன் உண்டாக்கும் புரதம் உணர்ந்தவுடனே, மற்ற ‘நாட்’ ஜீன்களும் விழித்தெழுந்து, வேர்மயிரைச் சுருளச் செய்யும் ரசாயனச் செய்தியொன்றைத் தயாரிக்கின்றன. பிரான்சின் தூலூஸ் நகர விஞ்ஞானிகள் 1990-இல் அமைப்பை விளக்கிய அச்செய்தியில், சல்பேட் தொகுதியொன்றைச் சேர்ப்பது ‘நாட்-எச்’ ஜீனின் காரியம். அந்த ஒரு ஜீன் பழுதுபட்டாலே போதும். பாக்டீரியா குதிரைமசாலில் முடிச்சிட இயலாமற்போய், முன்பு தன்னை ஏற்காதிருந்த வெட்ச் என்னும் வேறொரு பயற்றினச் செடியின் வேருக்குள் நுழையத் தொடங்கிவிடுகிறது.