30 வயசுக்கு மேல ஹாக்கி கத்துக்க முடியுமா? ஸ்டிக் வாங்குவதற்கு முன் இதைப் படிங்க!

டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், பாரிஸில் மீண்டும் வெண்கலம். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மைதானத்தில் மலேசியாவை 4-3 என வீழ்த்தி ஆசிய சாம்பியன்ஸ் டிராபி. 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை. கொஞ்ச காலமாகவே ஹாக்கி மறுபடியும் பேச்சில் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நாமளும் ஒரு கை பார்க்கலாமே" என்று நினைப்பவர்கள் உண்டு. பள்ளியில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு விட்டவர்கள், ஸ்டிக்கையே தொட்டுப் பார்க்காதவர்கள் என எல்லோருக்கும் அடுத்த நொடியே வரும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வயசுலயா?"

பதில்: முடியும். ஆனால், தெருவில் கிரிக்கெட் ஆடுவதுபோல நினைத்த உடனே இறங்கிவிட முடியாது. ஹாக்கியில் வரிசை முக்கியம். முதலில் உடம்பு, பிறகு ஆட்கள், அப்புறம் மைதானம், கடைசியாகத்தான் ஸ்டிக். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆன்லைனில் ஸ்டிக் வாங்கிவிட்டு, ஆட இடமில்லாமல் அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிறார்கள். இல்லையென்றால், முதல் நாளே முழு வேகத்தில் ஓடி காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

வயது உண்மையிலேயே தடையா?

இல்லை. சர்வதேச அளவில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 'மாஸ்டர்ஸ் ஹாக்கி' நடக்கிறது. 35, 40, 45 என ஐந்தைந்து வயதாகப் பிரித்து, 70-களில் இருப்பவர்கள்கூட ஆடுகிறார்கள். இந்தியாவிலும் 40 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும், 35 வயதைத் தாண்டிய பெண்களுக்குமான மாஸ்டர்ஸ் கோப்பையை 2025 ஜூனில் சென்னையில்தான் ஹாக்கி இந்தியா நடத்தியது.

ஆனால் மாஸ்டர்ஸ் என்பது பெரும்பாலும் முன்பே ஆடிப் பழகியவர்களின் களம். முதன்முறையாக ஸ்டிக் பிடிப்பவருக்கு வேறு முன்மாதிரிகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் 'ட்ரிம் ஹாக்கி' என்று ஒன்று உண்டு. பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்து வரும் அப்பா, அம்மாக்கள் உட்பட பெரியவர்கள் வாரம் ஒருமுறை மாலையில் கூடி, ஜாலியாக ஆடிவிட்டுப் போவார்கள். இங்கிலாந்தில் ஓடாமல் நடந்தே ஆடும் 'வாக்கிங் ஹாக்கி'யும் இருக்கிறது. போட்டி, கோப்பை எதுவும் வேண்டாம், வேர்த்து விறுவிறுத்தால் போதும் என்பவர்களுக்கான ஆட்டம் இது.

முதல் வேலை: உடம்பைத் தயார் செய்வது

ஹாக்கியில் மூன்று இடங்கள் முதலில் அடிவாங்கும்: கெண்டைக்கால், தொடையின் பின்பக்கத் தசை, கீழ் முதுகு.

ஆட்டம் முழுக்க நின்று, திடீரென ஓடி, மறுபடி நின்று, திரும்பி ஓட வேண்டும். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கால்களுக்கு இந்தத் திடீர் ஓட்டம்தான் எமன். அதோடு பந்து தரையில் இருப்பதால் முழங்காலை மடக்கிக் குனிந்தே ஆட வேண்டும். புதியவர்கள் முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எழும்போதுதான் தெரியும்.

அதனால் மைதானத்துக்குப் போவதற்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்பே தொடங்குங்கள். வேக நடை, பிறகு மெதுவான ஓட்டம், அதன் பிறகு 20 மீட்டர் அளவில் குட்டி ஸ்பிரிண்ட். கூடவே உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சி. ஆட்ட நாளில் 15 நிமிட வார்ம்-அப் கட்டாயம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். ஆடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்தானே" என்ற பேச்சே கூடாது.

நல்ல செய்தி ஒன்று: ஹாக்கியில் ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெளியே வந்தவர் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் உள்ளே போகலாம். வயது கூடியவர்களுக்கு இந்த விதி ஒரு வரம்.

பந்து பட்டால் என்ன ஆகும்?

பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். ஹாக்கி பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கிட்டத்தட்ட கிரிக்கெட் லெதர் பந்தின் எடை. ஆனால் கிரிக்கெட்டில் பேட் கட்டி, ஹெல்மெட் போட்டுப் பந்தைச் சந்திக்கிறோம். இங்கே கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் வெறும் ஜெர்சியோடு நிற்கிறார்கள்.

எனவே ஸ்டிக்குக்கு முன்பே இரண்டு பொருட்களை வாங்குங்கள். ஒன்று, முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு. இன்னொன்று, பற்களைக் காக்கும் மவுத் கார்டு. உடைந்த பல்லுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மவுத் கார்டின் விலை ஒன்றுமே இல்லை. கையுறை இருந்தால் விரல்களும் தப்பிக்கும்.

விதிகளும் உங்களைக் காக்கத்தான் இருக்கின்றன. எதிரே 5 மீட்டருக்குள் நிற்பவரை நோக்கிப் பந்தைத் தூக்கி அடிப்பது ஆபத்தான ஆட்டமாகக் கருதப்படும். உயரத்தில் இருந்து இறங்கும் பந்தை ஒருவர் வாங்கும்போது, எதிரணியினர் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அம்பயர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இந்த இரண்டையும் எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இன்னும் பாதுகாப்பாக ஆட ஒரு வழி: முழு கிட் இல்லாமல் யாரையும் கோலில் நிறுத்தாதீர்கள். கோல்கீப்பரே இல்லாமல், இரண்டு கூம்புகளை நெருக்கி வைத்துச் சின்ன கோல் போடுங்கள். பந்து தரையிலேயே உருண்டால்தான் கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பழக்கம் எங்கே இடிக்கும்?

நம்ம ஊரில் ஹாக்கிக்கு வரும் பலரும் கிரிக்கெட் ஆடியவர்கள். அவர்களுக்கு மூன்று விஷயங்கள் புதிதாக இருக்கும்.

ஸ்டிக்கின் இடதுபக்கம் மட்டும்தான் தட்டையாக இருக்கும். வளைந்த பின்பக்கத்தால் பந்தைத் தொட்டால் ஃபவுல். இடது கைக்காரர்களுக்கென்று தனி ஸ்டிக்கும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே ஸ்டிக், ஒரே பிடிதான்.

இடது கை ஸ்டிக்கின் உச்சியில் இருக்கும். ஸ்டிக்கைத் திருப்புவது அந்தக் கைதான். கீழே இருக்கும் வலது கை தளர்வாக இருக்க வேண்டும். வலது கை பேட்ஸ்மேன்கள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தே பழகியவர்கள் என்பதால், ஆரம்பத்தில் ஸ்டிக் கையில் சுழலாமல் சண்டித்தனம் செய்யும்.

பந்து காலில் பட்டு, அதனால் உங்களுக்கு ஆதாயம் கிடைத்தால் அது ஃபவுல். கோல்கீப்பருக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

எதை முதலில் பழகணும்?

எல்லோருக்கும் ஓங்கி அடிக்கத்தான் ஆசை. ஆனால் ஹிட் கடைசிப் பாடம். முதலில் புஷ், அதாவது ஸ்டிக்கைப் பின்னால் ஓங்காமல் பந்தைத் தரையோடு தள்ளுவது. அடுத்து வரும் பந்தை நிறுத்துவது. மூன்றாவது, பந்தை வலதும் இடதுமாக மாற்றி மாற்றி நகர்த்தும் டிரிபிள். இந்த மூன்றும் வந்துவிட்டால் நட்பு ஆட்டத்தில் தாராளமாக இறங்கலாம்.

சிமெண்ட் தரையும் ஒரு சுவரும் இருந்தால் புஷ்ஷையும் ஸ்டாப்பையும் தனியாகவே பழகலாம். தினமும் 15 நிமிடம் போதும். மொட்டை மாடியில் டென்னிஸ் பந்தை வைத்து டிரிபிள் பழகினாலும் கை நன்றாகத் திருந்தும்.

ஆட்களும் மைதானமும் எங்கே?

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம், கோவில்பட்டி, மதுரை என தமிழ்நாட்டில் செயற்கை இழை ஹாக்கி மைதானங்கள் இருக்கின்றன. ஊரே ஹாக்கி பேசும் கோவில்பட்டி மாதிரியான இடத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும், மாவட்ட ஹாக்கி சங்கத்திடமும் விசாரிக்கலாம். காலையில் பள்ளி மைதானத்தில் பயிற்சி தரும் உடற்கல்வி ஆசிரியர்களையும் பழைய வீரர்களையும் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஃபுட்பால் டர்ஃப் சரிப்படுமா? அவ்வளவாகச் சரிப்படாது. அதில் இழைகள் நீளமாக இருப்பதால் பந்து உருளாமல் தேங்கும். ஸ்டிக் பட்டு இழை கிழியும் என்று உரிமையாளர்கள் மறுக்கவும் வாய்ப்புண்டு. அதைவிட, கல் பொறுக்கிச் சமன் செய்த செம்மண் தரையே மேல். ஆனால் மேடுபள்ளத்தில் பந்து எகிறும் என்பதால் அங்கே வேகமான ஹிட் வேண்டாம்.

இரண்டு பக்கமும் 11 பேர் சேரவில்லையா? கவலையே இல்லை. சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பே 'ஹாக்கி ஃபைவ்ஸ்' என்ற ஐவர் ஆட்டத்துக்கு 2024 ஜனவரியில் ஓமனில் உலகக் கோப்பை நடத்தியது. சின்ன மைதானம், பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி. வாரம் ஒருமுறை கூடும் பத்துப் பேருக்கு இது கச்சிதம்.

பெண்களுக்கு ஆள் சேர்வது இன்னும் கஷ்டம். பள்ளி, கல்லூரியோடு ஆட்டத்தை விட்டவர்களின் பழைய வாட்ஸ்அப் குழுதான் பல நேரம் நல்ல தொடக்கம்.

இப்போ ஸ்டிக் வாங்கலாமா?

இரண்டு, மூன்று வாரம் இரவல் ஸ்டிக்கில் ஆடிப் பார்த்துவிட்டு வாங்கலாம். நேராக நின்று ஸ்டிக்கைப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் உச்சி இடுப்பெலும்பு அளவுக்கு வர வேண்டும். சராசரி உயரமுள்ள பெரியவர்களுக்கு 36.5 அங்குலம் சரியாக இருக்கும்.

கார்பன் அதிகமுள்ள விலை உயர்ந்த ஸ்டிக் ஆரம்பத்தில் வேண்டாம். அது விறைப்பாக இருக்கும், நிறுத்த நினைக்கும் பந்து பட்டுத் தெறிக்கும். கார்பன் குறைவான, ஃபைபர் கலந்த ஸ்டிக் கைக்கு மென்மையாக இருக்கும். விலையும் கம்மி.

விலையைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். புனே அருகே கட்கியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தன்ராஜ் பிள்ளை, உடைந்த ஸ்டிக்குகளையும் மற்றவர்கள் தூக்கிப்போட்ட பந்துகளையும் வைத்துத்தான் ஆடக் கற்றுக்கொண்டார். பிறகு 4 ஒலிம்பிக், 4 உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்கு ஆடினார்.

சுருக்கமாக...

* முதல் மாதம்: நடை, ஓட்டம், ஸ்குவாட். கூடவே ஆட்களையும் இடத்தையும் தேடுங்கள்.

* இரண்டாவது மாதம்: இரவல் ஸ்டிக்கில் புஷ், ஸ்டாப், டிரிபிள். ஷின் கார்டும் மவுத் கார்டும் கட்டாயம்.

* மூன்றாவது மாதம்: சொந்த ஸ்டிக், வாரம் ஒரு ஐவர் ஆட்டம்.

* வெயில் காலத்தில் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது மாலை 5 மணிக்கு மேல் தொடங்குங்கள்.

* வலியோடு ஆடாதீர்கள். கெண்டைக்கால் 'சுருக்' என்றால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. ஒரு வாரம் ஓய்வெடுத்தால் சரியாகிற காயம், அடம்பிடித்து ஆடினால் மாதக்கணக்கில் படுக்க வைத்துவிடும்.