குதிரைச் சக்தியும் காற்றின் எடையும்

புணே நகரின் வடகிழக்கில் உள்ள லோஹேகாவ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 592 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்குள்ள விமானதளத்தில் ஓடும் என்ஜினுக்கும், அதன் அருகிலுள்ள சாலையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியின் என்ஜினுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுக்கும் சுவாசிக்கக் கிடைக்கும் காற்று, கடற்கரையில் கிடைப்பதைவிட எடை குறைந்தது.

வண்டி மேடு ஏறத் திணறும்போது, என்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தால் புதிய வண்டியினும் மிகுந்த சக்தி பெறலாம் என்று உரிமையாளர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. ஒரு குதிரைச் சக்தி என்பது 75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் வேகமாகும். அச்சக்தி எரிபொருளிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோகிராம் காற்று தேவை. புகையின்றி எரிய வேண்டுமாயின் நடைமுறையில் இதனினும் அதிகம் வேண்டும். ஆகவே என்ஜினின் சக்திக்கு எல்லை வகுப்பது டீசல் தொட்டி அன்று. சிலிண்டருக்குள் புகும் காற்றின் எடையேயாகும்.

லோஹேகாவின் கணக்கு

கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோகிராம். லோஹேகாவின் உயரத்தில், கோடையில் 40 டிகிரி வெப்பம் நிலவும் நாளில், அதே கன அளவுள்ள காற்று ஏறத்தாழ 1.05 கிலோகிராமே இருக்கும். அதாவது ஏழில் ஒரு பங்கு குறைவு.

புணேயில் ஆலை கொண்ட டெல்கோ நிறுவனம் (இன்றைய டாட்டா மோட்டார்ஸ்) 1988-இல் வெளியிட்ட டாட்டாமொபைல் 206 என்னும் பிக்கப் வண்டியை இங்கு உதாரணமாகக் கொள்ளலாம். அதன் நான்கு சிலிண்டர் டீசல் என்ஜினின் கொள்ளளவு 1948 கன சென்டிமீட்டர். சக்தி 60 குதிரைக்குச் சற்று மேற்பட்டது. நிமிடத்திற்கு 4000 சுற்று வேகத்தில் இத்தகைய என்ஜின் ஏறத்தாழ 3.9 கன மீட்டர் காற்றை இழுக்கக்கூடும். முன்னர்க் கூறிய கடற்கரைக் காற்றில் அதன் எடை 4.8 கிலோகிராம், லோஹேகாவின் கோடைக் காற்றில் 4.1 கிலோகிராம். இக்குறைவு என்ஜினின் பழுது அன்று. எனவே எந்தப் பட்டறையும் இதனைப் பழுதுபார்த்து நீக்க இயலாது.

பட்டறை தருவது எது?

என்ஜினைப் புதுப்பிக்கும்போது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டனும் புதிய வளையங்களும் பொருத்துவர். போரிங் செய்ததால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மேற்கண்ட என்ஜினின் சிலிண்டர் விட்டம் 83 மில்லிமீட்டர். அதனை 83.5 ஆக்கினால் கொள்ளளவு 1948-இலிருந்து ஏறத்தாழ 1971 கன சென்டிமீட்டராகும். உயர்வு நூற்றுக்கு ஒன்றேகால் கூட இல்லை. புதுப்பித்த வண்டி முன்னினும் நன்றாக இழுப்பது உண்மையே. ஆனால் வளையங்களின் வழியே கசிந்துகொண்டிருந்த அழுத்தம் மீண்டும் சிலிண்டரில் தங்குவதே அதன் காரணம். இழந்த சக்தி திரும்பியதே அன்றிப் புதிய சக்தி பிறக்கவில்லை.

டீசல் பம்பின் திருகைத் திறந்து எரிபொருளைக் கூட்டிவிடுவது மற்றொரு வழக்கம். இன்றைய என்ஜின்களில் இதே வேலையைக் கணினி நிரலை மாற்றிச் செய்கின்றனர். காற்றின் அளவு மாறாதிருக்க, டீசல் மட்டும் மிகுந்தால் மிஞ்சிய டீசல் கரியாக வெளியேறும். பிஸ்டனும் வால்வும் மிகையாகச் சூடேறும். டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டிக்குப் பின்னால் வருவோரும் பட்டறைத் தொழிலாளரும் ஆவர்.

சுழற்சி வேகத்தைக் கூட்டுவதிலும் ஆபத்து உண்டு. வேகம் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தால், பிஸ்டன் மேலும் கீழும் பாயும் விசை வேகத்தின் வர்க்கப்படி வளர்ந்து நூற்றுக்கு 44 கூடிவிடும். இச்சுமை முழுவதையும் இணைப்புத் தண்டும் அதன் போல்ட்டுகளும் தாங்கியாக வேண்டும்.

மலையுச்சியில் ஒரு சோதனை

காற்றையே அடர்த்தியாக்கிக் கொடுப்பது நேரான வழி. சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழலும். அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும். இதுவே டர்போ எனப்படும்.

1918-இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்டு மாஸ், லிபர்ட்டி விமான என்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, ஏறத்தாழ 4300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரைச் சக்தி தந்த அந்த என்ஜின் உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போ பொருத்தியதும் 356 தந்தது. இதே தத்துவத்தில் அமைந்த டர்போக்கள் லிபரேட்டர் விமானங்களிலும் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை செப்பனிட்டு இந்திய விமானப்படைக்கு அளித்தது. அவை 1968 வரை பணியாற்றின. புணேத் தளத்தில் இருந்த 6-ஆம் ஸ்குவாட்ரனும் அவற்றை இயக்கியது.

தரை வண்டியிலும் பலன் அவ்வாறே கிட்டியது. 1998-இல் வெளிவந்த டாட்டா சபாரியில் அதே 1948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, டர்போவின் துணையால், 90-ஐ ஒட்டிய குதிரைச் சக்தி தந்தது. கொள்ளளவு கூடவில்லை, காற்றின் எடை கூடியது.

ஆயினும் பழைய என்ஜினில் டர்போவை மட்டும் வாங்கிப் பொருத்துவது அறிவுடைமையாகாது. டர்போ என்ஜினை வடிவமைப்போர் அழுத்த விகிதம், பிஸ்டனைக் குளிர்விக்கும் முறை, எண்ணெய் ஓட்டம், ரேடியேட்டர், கிளட்ச், பிரேக் ஆகிய அனைத்தையும் அதற்கேற்பத் திருத்துகின்றனர். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கூடுதல் சக்தி என்ஜினின் ஆயுளைக் குடித்துவிடும்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை

வண்டி இழுக்கவில்லை எனில் முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்க வேண்டும். புழுதிச் சாலையில் அடைபட்ட வடிகட்டி, லோஹேகாவின் உயரம் பறிப்பதைவிட அதிகக் காற்றைப் பறிக்கக்கூடும். அடுத்து நாசில்களையும், பின்னர் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் சோதிக்கலாம். அழுத்தம் வரம்புக்குக் கீழே இருந்தால் மட்டுமே என்ஜினைப் பிரிப்பது தகும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. வேறு என்ஜின் பொருத்துவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி தேவை. ஆசிரியர்கள் மேற்கண்ட காற்றுக் கணக்கைத் தம் ஊரின் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாணவர்களைக் கொண்டு செய்வித்தல் நலம். காற்றழுத்தம், வெப்பம், அடர்த்தி ஆகியவற்றின் தொடர்பு, தெருவில் ஓடும் வண்டியின் வாயிலாகவே அவர்களுக்கு விளங்கிவிடும்.